பரிசு, பணிவு, பதற்றம்: வெள்ளை மாளிகையில் சின்ன நாடுகள்

தலைமேல் வைத்துக் கொண்டாடினால் காரியம் ஆகுமா? முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொன்னால் என்ன ஆகும்? எந்த நேரத்தில் எப்படி மாறுவார் என்று தெரியாத ஒரு கூட்டாளியின் அறைக்குள் போய் வந்த தலைவர்கள் எதைக் கொடுத்தார்கள், எதைக் கொண்டுவந்தார்கள்?

2025 ஆகஸ்ட் 18. ஓவல் அலுவலகத்தின் கணப்படுப்புக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அமெரிக்க அதிபர் டிரம்ப், இன்னொன்றில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி. போர் தொடங்கியதிலிருந்து ராணுவ பாணிச் சட்டையிலேயே உலகம் பார்த்துப் பழகிய மனிதர், அன்றைக்குக் கறுப்புச் சட்டையும் கறுப்பு கோட்டுமாக வந்திருந்தார். "இந்த சூட்டில் பிரமாதமாக இருக்கிறீர்கள்" என்று ஒரு நிருபர் பாராட்டினார். ஆறு மாதங்களுக்கு முன்னால் இதே அறையில், "ஏன் சூட் போடவில்லை? உங்களிடம் சூட் இருக்கிறதா, இல்லையா?" என்று ஜெலன்ஸ்கியைக் குடைந்தவரும் அவரேதான். "நீங்கள் அதே சூட்டில்தான் இருக்கிறீர்கள், நான் மாற்றிக்கொண்டேன்" என்று ஜெலன்ஸ்கி பதில் சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு.

பேச ஆரம்பித்ததும் அவர் நன்றிகளாக அடுக்கினார். தன் மனைவி எழுதிய கடிதம் ஒன்றை நீட்டி, "இது உங்களுக்கு அல்ல, உங்கள் மனைவிக்கு" என்றார். டிரம்ப் ரசித்தார். வெள்ளை மாளிகையின் இன்னொரு பக்கத்தில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பின்லாந்து தலைவர்களும், ஐரோப்பிய ஆணையத்தின் தலைவரும், நேட்டோவின் பொதுச் செயலாளருமாக ஏழு பேர் அடுத்த சுற்றுப் பேச்சுக்குத் தயாராக இருந்தார்கள். சட்டையிலிருந்து கடிதம் வரை, உடன் வந்த ஆட்கள் வரை, அன்றைக்கு எதுவும் தற்செயலாக நடக்கவில்லை.

பிப்ரவரி 28 அன்று நடந்ததை நினைத்தால் அதற்குக் காரணம் புரியும். அன்றைக்குத் தனியாகப் போன ஜெலன்ஸ்கி, கேமராக்களின் முன்னால், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஆங்கிலத்திலேயே வாதாடினார். "ஒரு தடவையாவது நன்றி சொன்னீர்களா?" என்று துணை அதிபர் வான்ஸ் எகிறினார். "உங்கள் கையில் சீட்டே இல்லை" என்றார் டிரம்ப். உக்ரைனின் கனிமங்களில் அமெரிக்காவுக்குப் பங்கு தரும் கனிம ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை, மதிய விருந்து ரத்தானது, விருந்தாளி கிளம்பிப் போனார். அடுத்த சில நாட்களில் ராணுவ உதவி நின்றது. போர்க்களத்துக்குக் கண்ணாக இருந்த உளவுத் தகவல்களும் நின்றன. சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் பேசி, 30 நாள் போர்நிறுத்தத்துக்கு உக்ரைன் சம்மதித்த பிறகுதான் மார்ச் 11-ல் இரண்டும் திரும்பின.

நிலப்பரப்பில் உக்ரைன் சின்ன நாடு அல்லதான். ஆனால் அந்த அறைக்குள் வரைபடம் செல்லாது. எதிரில் இருப்பவரிடம் நமக்கு எவ்வளவு தேவை, நம்மிடம் அவருக்கு எவ்வளவு தேவை என்ற வித்தியாசம்தான் அங்கே நாட்டின் அளவு. அந்தக் கணக்கில் பார்த்தால் உலகின் பெரும்பாலான நாடுகள் சின்ன நாடுகளே.

முன்பு சடங்கு, இப்போது நேரலை

நாடுகளின் தலைவர்கள் சந்திப்பு என்பது ஒரு காலத்தில் முடிவான விஷயங்களுக்கு மாலை போடும் சடங்கு. அதிகாரிகள் மாதக்கணக்கில் பேசி, அறிக்கையைக்கூட முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள். தலைவர்கள் கைகுலுக்குவார்கள். புகைப்படக்காரர்களுக்குச் சில நிமிடங்கள் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். சண்டை இருந்தால் அது சாத்திய கதவுக்குப் பின்னால்.

டிரம்ப் அந்த வரிசையைப் புரட்டிப்போட்டார். கேமராக்கள் முதலில் வரும். முக்கால் மணி நேரம்கூட ஓடும். நிருபர்கள் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். விருந்தாளி பாதி நேரம் பார்வையாளர். திடீரென்று பேச்சு அவர் பக்கம் திரும்பும். சந்திப்புக்குச் சில மணி நேரம் முன்னால் சமூக வலைத்தளத்தில் என்ன பதிவு வரும் என்பதும் தெரியாது. 2025 ஆகஸ்ட் 25-ல் தென்கொரிய அதிபர் லீ ஜே-மியூங் சந்திப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, "தென்கொரியாவில் களையெடுப்போ புரட்சியோ நடப்பதுபோல் தெரிகிறது" என்ற தொனியில் டிரம்ப் பதிவு போட்டார். ஜெலன்ஸ்கிக்கு நேர்ந்த கதி தனக்கும் வந்துவிடுமோ என்று தன் அலுவலர்கள் பயந்ததாக லீயே பிறகு வாஷிங்டன் மேடை ஒன்றில் சிரித்துக்கொண்டே சொன்னார். பேரம் பேசுவது பற்றி டிரம்ப் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு வந்ததையும் அவர் மறைக்கவில்லை.

லீ கொரிய மொழியில்தான் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் பேசும் அந்தச் சில நொடிகள் யோசிக்கக் கிடைத்த நேரம். புதுப்பித்த அறையின் அலங்காரத்தைப் புகழ்ந்தார். அமெரிக்கப் பங்குச் சந்தையின் உயர்வைப் புகழ்ந்தார். வடகொரியாவில் ஒரு டிரம்ப் கோபுரம் கட்டி, அங்கே கோல்ஃப் ஆடலாம் என்றார். தன் பேனாவை டிரம்ப் மெச்சியதும் அதையும் கொடுத்துவிட்டார். பயந்த எதுவும் நடக்கவில்லை. அமெரிக்காவின் நசிந்துபோன கப்பல் கட்டும் தொழிலில் 15,000 கோடி டாலர் முதலீடு என்ற கொரியாவின் வாக்குறுதி ஏற்கெனவே மேசையில் இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தங்கம் பேசுமா?

இந்தப் பாணியைத் தொடங்கிவைத்தவர் ஜப்பானின் அன்றைய பிரதமர் ஷின்சோ அபே. 2016 நவம்பரில், டிரம்ப் பதவியேற்கும் முன்பே நியூயார்க்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போன முதல் வெளிநாட்டுத் தலைவர் அபேதான். கையில் தங்க நிறத்தில் ஒரு கோல்ஃப் மட்டை. அதன் பிறகு இருவரும் பலமுறை சேர்ந்து ஆடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். உலகத் தலைவர்களில் டிரம்ப்புக்கு நெருக்கமானவர் என்ற பெயரும் அபேவுக்குக் கிடைத்தது. ஆனால் 2018 மார்ச்சில் இரும்புக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் என்று அமெரிக்கா வரி போட்டபோது ஜப்பானுக்கு விலக்கு இல்லை. கோல்ஃப் ஆடாத தென்கொரியா, தன் இரும்பு ஏற்றுமதிக்கு உச்சவரம்பை ஏற்றுக்கொண்டு விலக்கு வாங்கியது.

தென்னாப்பிரிக்க அதிபர் சிரில் ரமபோசா 2025 மே 21-ல் போனபோது நண்பர் பட்டாளத்தையே கூட்டிப்போனார். உலகப் புகழ் பெற்ற கோல்ஃப் வீரர்கள் எர்னி எல்ஸும் ரெட்டீஃப் கூஸனும் உடன் வந்தார்கள். நாட்டின் பெரும் பணக்காரர் யோஹான் ரூபர்ட்டும் வந்தார். தென்னாப்பிரிக்கக் கோல்ஃப் மைதானங்களைப் பற்றி 14 கிலோ எடையில் ஒரு புத்தகம் பரிசாகப் போனது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டிரம்ப் விளக்குகளை மங்கலாக்கச் சொல்லும் வரை. தொலைக்காட்சித் திரையில் வெள்ளையின விவசாயிகள் கொல்லப்படுவதாகக் குற்றம் சாட்டும் வீடியோ ஓடியது. புதைகுழிகள் என்று அதில் காட்டியவை, ஒரு நினைவுப் பேரணிக்காகச் சாலையோரம் நட்ட சிலுவைகள். அன்றைக்கு டிரம்ப் ஆதாரமாகக் காட்டிய படங்களில் ஒன்று காங்கோவில் எடுத்தது என்பது பிறகு தெரியவந்தது.

ரமபோசா குரலை உயர்த்தவில்லை. நிறவெறி அரசோடு பேரம் பேசிப் பழகிய பழைய தொழிற்சங்கத் தலைவர் அவர். தன் அமைச்சரவையில் இருந்த வெள்ளையின விவசாய அமைச்சரைப் பேசவிட்டார். "உங்களுக்குக் கொடுக்க என்னிடம் விமானம் இல்லையே" என்று ஒரு கேலியும் செய்தார்; கத்தார் சொகுசு விமானம் கொடுத்த சூடு ஆறாத நேரம் அது. உள்நாட்டில் நிதானத்துக்காகப் பாராட்டு கிடைத்தது. வரியில் சலுகை கிடைக்கவில்லை: ஆகஸ்டில் 30 சதவீதம் விழுந்தது. நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த ஜி-20 மாநாட்டை அமெரிக்கா புறக்கணித்தது.

---
பெட்டிச் செய்தி 1: கொடுத்ததும் கிடைத்ததும்

● ஜப்பான், 2025 பிப்ரவரி: பிரதமர் இஷிபா கொண்டுபோனது தங்க நிறச் சாமுராய் தலைக்கவசம். ஜூலையில் 25 சதவீத வரிக் கடிதம் வந்தது. 55,000 கோடி டாலர் முதலீட்டு வாக்குறுதிக்குப் பிறகு வரி 15 சதவீதம்.

● கம்போடியா, 2025 ஆகஸ்ட்: டிரம்ப்புக்கு நோபல் அமைதிப் பரிசு கேட்டுப் பரிந்துரைக் கடிதம். வரி 49-லிருந்து 36 ஆகி, 19 சதவீதத்தில் நின்றது. எல்லையில் அதனோடு மோதிய தாய்லாந்துக்கும் அதே 19 சதவீதம்தான்.

● தென்கொரியா, 2025 அக்டோபர்: பழைய சில்லா அரசின் தங்க மகுடத்தின் மாதிரி, நாட்டின் மிக உயர்ந்த விருது. வரி 15 சதவீதம். ஈடாக 35,000 கோடி டாலர் முதலீட்டு வாக்குறுதி.

● சுவிட்சர்லாந்து, 2025 நவம்பர்: தொழிலதிபர்கள் கொடுத்தது மேசைக் கடிகாரமும் தங்கக் கட்டியும். வரி 39-லிருந்து 15 சதவீதம்; ஈடாக 20,000 கோடி டாலர் முதலீட்டு வாக்குறுதி.
---

தேசிய நாளன்று வந்த அடி

சுவிட்சர்லாந்தின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2025-ல் அந்த நாட்டு அதிபராக இருந்த கரின் கெல்லர்-சுட்டர் நிதியமைச்சரும்கூட. எண்களில் கெட்டிக்காரர். 2025 ஜூலை 31 அன்று டிரம்ப்போடு தொலைபேசியில் பேசினார். வர்த்தகப் பற்றாக்குறை என்றால் திருட்டுப் போன பணம் இல்லை, சுவிஸ் நாடு அமெரிக்கத் தொழில் பொருள்களுக்கு வரியே போடுவதில்லை என்பதெல்லாம் அவர் பக்க வாதம். பொருளாதாரப் பாடமாகப் பார்த்தால் எல்லாம் சரி. அடுத்த நாள், ஆகஸ்ட் 1, சுவிஸ் தேசிய நாள். வாணவேடிக்கைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாட்டுக்கு 39 சதவீத வரி என்ற செய்தி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கே 15 சதவீதம்தான்.

பதறியடித்து வாஷிங்டன் போன கெல்லர்-சுட்டருக்கு வெளியுறவு அமைச்சரைத்தான் பார்க்க முடிந்தது. "நல்ல பெண்மணிதான், ஆனால் கேட்டுக்கொள்ளவே இல்லை" என்ற பொருளில் டிரம்ப் தொலைக்காட்சியில் சொன்னார். சொந்த ஊர்ப் பத்திரிகைகளும் அவரை விட்டுவைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, கைக்கடிகாரமும் தங்கமும் கப்பலும் நடத்தும் பெரும் தொழிலதிபர்கள் ஓவல் அலுவலகத்துக்குப் போனார்கள். பத்து நாளில் வரி இறங்கியது. அரசு செய்ய முடியாததை வியாபாரிகள் செய்துவிட்டார்கள் என்று ஒரு பக்கம் நிம்மதி. தேர்தலில் நிற்காத, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டாத சில பணக்காரர்கள் நாட்டின் சார்பில் பேரம் பேசலாமா என்று இன்னொரு பக்கம் கொதிப்பு. அந்தப் பரிசுகள் லஞ்சமா என்று விசாரிக்கச் சொல்லி, பசுமைக் கட்சி எம்.பி.க்கள் அரசு வழக்கறிஞரிடம் புகார் கொடுக்கும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. வாய்த்தது சலுகைதான். அதற்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதி, ரசீதில் ஏறாத விலை.

பின்லாந்தின் பழைய வித்தை

இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரர் என்று எல்லோரும் கைகாட்டுவது பின்லாந்து அதிபர் அலெக்சாண்டர் ஸ்டப்பை. மக்கள்தொகை 56 லட்சம். ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை. ஸ்டப் அமெரிக்காவின் தென் கரோலினாவில் கோல்ஃப் உதவித்தொகையில் படித்தவர். 2025 மார்ச் 29-ல் ஃபுளோரிடா போய், டிரம்ப்போடு காலைச் சாப்பாடு, கோல்ஃப், மதியச் சாப்பாடு என்று ஏழு மணி நேரம் கழித்தார். அவர் கேட்டது பின்லாந்துக்காக மட்டும் இல்லை, உக்ரைனுக்காகவும் பேசினார். அதன் பிறகு இருவரும் அடிக்கடி தொலைபேசியில் பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆகஸ்டில் ஜெலன்ஸ்கியோடு வந்த அந்த ஏழு பேரில் மிகச் சிறிய நாட்டின் தலைவர் ஸ்டப்தான்.

ஆனால் ஸ்டப் வெறும் மட்டையோடு போகவில்லை. ஆர்க்டிக் கடலில் ரஷ்யாவுக்கு ஈடுகொடுக்க அமெரிக்காவுக்குப் பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பல்கள் வேண்டும். அதன் கையில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. உலகின் அப்படிப்பட்ட கப்பல்களில் பாதிக்கு மேல் பின்லாந்தில் கட்டியவை. 2025 அக்டோபர் 9-ல், அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்கு 11 கப்பல்கள் என்றும், அதில் 4 பின்லாந்தில் தயாராகும் என்றும் முடிவானது. கோல்ஃப் கதவைத் திறந்தது. உள்ளே விற்க ஒரு சரக்கு இருந்தது.

முன்கோபியான வல்லரசைச் சமாளிப்பது பின்லாந்துக்குப் புதிதும் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் அதே நாட்டில் இன்னொரு அதிபர் இதைக் கால் நூற்றாண்டு செய்தார். எதிரில் இருந்தது மாஸ்கோ.

---
பெட்டிச் செய்தி 2: கெக்கோனனின் நீராவிக் குளியல்

உர்ஹோ கெக்கோனன், 1956 முதல் 1982 ஜனவரி வரை பின்லாந்து அதிபர். போரில் தோற்று, நிலம் இழந்து, 1948-ல் சோவியத் யூனியனோடு நட்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட நாடு அது.

1960 செப்டம்பரில் கெக்கோனனின் 60-வது பிறந்தநாளுக்கு ஹெல்சின்கி வந்தார் சோவியத் தலைவர் குருஷ்சேவ். கெக்கோனன் அவரைத் தன் வீட்டு சானாவுக்கு, அதாவது நீராவிக் குளியல் அறைக்கு அழைத்துப்போனார். விடியற்காலை 5 மணி வரை பேச்சு நடந்ததாகச் சொல்கிறார்கள். மாஸ்கோவின் தடை விலகி, அடுத்த ஆண்டே மேற்கு ஐரோப்பிய நாடுகளின் தடையற்ற வர்த்தக அமைப்பில் பின்லாந்து இணை உறுப்பினரானது.

1961 அக்டோபர் 30-ல் ராணுவ ஆலோசனைக்கு வரச் சொல்லி மாஸ்கோ ஓலை அனுப்பியது. கெக்கோனன் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் வரை போய் குருஷ்சேவைச் சந்தித்து, ஆலோசனையை ஒத்திவைக்க வைத்தார். அதே நேரம், தேர்தலில் அவரை எதிர்க்க இருந்த ஹோங்கா போட்டியிலிருந்து விலகினார்.

விலை? சோவியத்தைக் குறைசொல்லாமல் பேசவும் எழுதவும் ஒரு நாடே பழகிக்கொண்டது. சோவியத் சிறைமுகாம்களைப் பற்றி ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சின் எழுதிய குலாக் நூலின் பின்னிஷ் மொழிபெயர்ப்பை ஸ்வீடனில் அச்சிட வேண்டியிருந்தது.
---

புகழ்ச்சிக்குள் ஒரு 'முடியாது'

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஒளவை, எதிரியின் ஆயுதக் கொட்டிலைப் புகழ்ந்துகொண்டே, அவை போர் பார்க்காதவை என்று குத்திக்காட்டியது நமக்குத் தெரிந்த கதை. 2025 மே 6-ல் கனடா பிரதமர் மார்க் கார்னி செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். கனடாவை அமெரிக்காவின் 51-வது மாநிலமாக்கலாம் என்று மாதக்கணக்கில் சொல்லிவந்த டிரம்ப்பிடம், "ரியல் எஸ்டேட்டில் உங்களுக்குத் தெரியாததா, சில இடங்கள் எப்போதுமே விற்பனைக்கு வராது, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் மாதிரி" என்றார். அவருடைய தொழில் அறிவைப் பாராட்டி, அந்தப் பாராட்டுக்குள்ளேயே மறுப்பை வைத்தார். "ஒருபோதும் இல்லை என்று சொல்லாதீர்கள்" என்றார் டிரம்ப். ஆனால் வெடிக்கவில்லை.

கார்னிக்கு முந்தைய பிரதமர் ட்ரூடோ 2024 நவம்பரில் ஃபுளோரிடாவுக்குப் பறந்துபோய் டிரம்ப்போடு விருந்து சாப்பிட்டவர். திரும்பி வந்த சில நாட்களில் அவரை 'கவர்னர்' என்று டிரம்ப் பகிரங்கமாகக் கிண்டலடிக்க ஆரம்பித்தார். கெஞ்சுவதுபோல் தெரிந்த ஒரு பயணம், கேலிக்கு விதையானது.

நேட்டோ பொதுச் செயலாளர் மார்க் ருட்டேவிடம் இரண்டு முகமும் உண்டு. நெதர்லாந்து பிரதமராக 2018 ஜூலையில் ஓவல் அலுவலகத்தில் இருந்தபோது, ஐரோப்பாவோடு ஒப்பந்தம் வராவிட்டாலும் நல்லதுதான் என்று டிரம்ப் சொல்ல, சிரித்த முகத்தோடு குறுக்கே புகுந்து "இல்லை, அது நல்லதில்லை" என்றவர் அவர். அதே ருட்டே 2025 ஜூனில் ஹேக் நகர மாநாட்டுக்கு முன்னால் டிரம்ப்புக்குப் புகழ்மாலையாக ஒரு செய்தி அனுப்பினார். டிரம்ப் அதை அப்படியே ஊருக்குக் காட்டிவிட்டார். மறுநாள் டிரம்ப்பைக் குறித்து 'டாடி' என்ற சொல்லும் ருட்டே வாயில் வந்தது, உலகம் சிரித்தது. 2018-ல் ஒரு நாட்டின் வாக்காளர்கள் அவர் பின்னால் இருந்தார்கள். 2025-ல் அவர் கையில் இருந்தது 32 நாடுகளின் கூட்டணி, அது உடையாமல் பார்த்துக்கொள்வதே வேலை. 2035-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் பாதுகாப்புக்கு என்ற உறுதிமொழியோடு மாநாடு கலவரம் இல்லாமல் முடிந்தது.

விழுங்கிய அவமானங்கள்

கோல்ஃப் உதவித்தொகையும் கப்பல் கட்டும் துறையும் இல்லாத நாடுகள் என்ன செய்யும்? 2025 ஜூலை 9-ல் ஐந்து ஆப்பிரிக்கத் தலைவர்களுக்கு வெள்ளை மாளிகையில் மதிய விருந்து. லைபீரியாவின் அதிபர் போக்காய் பேசி முடித்ததும், "இவ்வளவு அழகான ஆங்கிலம் எங்கே கற்றீர்கள்?" என்று வியந்தார் டிரம்ப். லைபீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம். அமெரிக்காவிலிருந்து போன கறுப்பின மக்கள் உருவாக்கிய நாடு அது. போக்காய் லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான். லைபீரியர்கள் பலர் கொதித்தார்கள். அரசோ இதில் புண்பட ஒன்றுமில்லை என்றது. அமெரிக்க உதவித் திட்டங்கள் வெட்டப்பட்டு, மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கவே தடுமாறும் நாட்டுக்கு ரோஷம் ஒரு ஆடம்பரம்.

லெசோத்தோவுக்கு அந்த மதிய விருந்துகூட வாய்க்கவில்லை. சுமார் 23 லட்சம் மக்கள் வாழும் மலைநாடு. "யாரும் கேள்விப்படாத நாடு" என்று 2025 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் டிரம்ப் கேலி செய்தார். ஏப்ரலில் அறிவித்த பட்டியலில் அதற்கு 50 சதவீத வரி. ஆகஸ்டுக்குள் அது 15 ஆகக் குறைந்தது. ஆனால் அதற்கு முன்பே ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளுக்கு ஆர்டர் வறண்டுபோய்விட்டது. இளைஞர்களின் வேலையின்மைக்காக ஜூலையில் அரசு பேரிடர் நிலையை அறிவித்தது. வரி குறைந்த செய்தி வரும்போது வேலை போயிருந்தது. நிச்சயமின்மைக்கே ஒரு விலை உண்டு. அதைக் கட்டுவது தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்.

---
பெட்டிச் செய்தி 3: 44, 30, 20 - இலங்கை நடந்த பாதை

2025 ஏப்ரல் 2 பட்டியலில் இலங்கைக்கு 44 சதவீதம். கடன் நெருக்கடியிலிருந்து பன்னாட்டு நிதியத்தின் கைபிடித்து எழுந்துகொண்டிருந்த நேரம். ஆயத்த ஆடைகளே நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பொருள், அவற்றுக்குத் தனிப்பெரும் சந்தை அமெரிக்கா. கட்டுநாயக்காவிலிருந்து வவுனியா, கிளிநொச்சி வரை தையல் ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள்.

ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க ஓவல் அலுவலக நாற்காலிக்கு முயலவில்லை. அதிகாரிகள் குழுக்கள் வாஷிங்டனோடு சத்தமில்லாமல் பேசின. ஜூலை 9 கடிதத்தில் 30 சதவீதம். ஜூலை 31-ல் 20 சதவீதம். போட்டியாளர்களான வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அதே 20.

ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை வரியும் சேர்ந்து 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியாவுக்கு 50 சதவீதம் விழுந்தபோது, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தது இந்த 20-ஐ வைத்துத்தான்.
---

மறுநாள் காலை

சந்திப்பு நன்றாக முடிந்தது என்று விமானம் ஏறிய தலைவர்களுக்கு அடுத்து என்ன நடந்தது?

லீ ஜே-மியூங் பேனாவைக் கொடுத்துவிட்டு வந்த பத்தாவது நாள், செப்டம்பர் 4. ஜார்ஜியா மாநிலத்தில் கொரிய நிறுவனங்கள் பணம் போட்டுக் கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலையில் அமெரிக்கக் குடியேற்றத் துறை புகுந்தது. பிடிபட்ட சுமார் 475 பேரில் 300-க்கும் மேற்பட்டோர் கொரியர்கள். விலங்கு மாட்டி அவர்களை அழைத்துப்போன படங்கள் சியோலில் எல்லாத் திரையிலும் ஓடின. முதலீடு செய்யுங்கள் என்று கேட்டவரும், முதலீட்டோடு வந்த பொறியாளர்களைப் பிடித்தவரும் ஒரே அரசு.

ஸ்டப்பின் கதையில் திருப்பம் 2026 ஜனவரியில் வந்தது. டென்மார்க்கின் ஆட்சிப்பரப்பான கிரீன்லாந்து தனக்கு வேண்டும் என்ற பழைய ஆசையை டிரம்ப் மீண்டும் கையில் எடுத்தார். 2019-ல் டென்மார்க் பிரதமர் ஃபிரெடெரிக்சன் அந்த யோசனையை 'அபத்தம்' என்று சொன்னதற்காகத் தன் டென்மார்க் பயணத்தையே ரத்து செய்தவர் டிரம்ப். இம்முறை டென்மார்க்கும் அதற்குத் துணைநின்ற நாடுகளும் கிரீன்லாந்துக்கு ஒரு சில ராணுவத்தினரை அனுப்பின. ஜனவரி 17-ல் அந்த எட்டு நாடுகளுக்கும் கூடுதல் வரி என்று மிரட்டல் வந்தது. பட்டியலில் பின்லாந்தும் இருந்தது. ஏழு மணி நேரக் கோல்ஃபும் 4 கப்பல்களும் அந்தப் பட்டியலிலிருந்து அதன் பெயரை அழிக்கவில்லை. நான்கு நாள் கழித்து டாவோஸ் நகரில் ருட்டேவைச் சந்தித்துப் பேசிய பிறகு மிரட்டல் திரும்பப் பெறப்பட்டது. எட்டு நாடுகளும் தனித்தனியாக ஓடிப்போய்ச் சமாதானம் பேசாமல் சேர்ந்து நின்றதும், பதிலடி வரி பற்றி ஐரோப்பா வெளிப்படையாகப் பேசியதும் அந்த நான்கு நாட்களில் நடந்தவை.

உள்நாட்டுக் கணக்கு இன்னொன்று. ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு பார்வையாளர்கள். ஒருவர் எதிர் நாற்காலியில். மற்றவர்கள் சொந்த ஊரில் தொலைக்காட்சி முன்னால். கெல்லர்-சுட்டர் முதலாமவரிடம் தோற்றதால் இரண்டாமவரிடமும் தோற்றார். ரமபோசா முதலாமவரிடம் எதையும் வாங்கவில்லை, ஆனாலும் ஊரில் தலைநிமிர்ந்து இறங்கினார். பிப்ரவரி சண்டைக்குப் பிறகு ஜெலன்ஸ்கிக்கு உக்ரைனில் ஆதரவு பெருகியது. ஆனால் நின்றுபோன உளவுத் தகவலுக்கு அந்த ஆதரவு ஈடாகவில்லை. அதனால்தான் ஆகஸ்டில் கறுப்பு கோட்டு.

வாங்கியது என்ன?

இத்தனை சந்திப்புகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பரிசும் புகழ்ச்சியும் நட்பை வாங்கித் தருவதில்லை, வரியை நிரந்தரமாகக் குறைப்பதும் இல்லை. அவை வாங்கித் தருவது அவகாசம். சில வாரம், சில மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் சில ஆண்டுகள். கெக்கோனன் விலை கொடுத்து வாங்கியது பல பத்தாண்டுகள். அந்த இடைவெளியில் பின்லாந்து தொழில்களை வளர்த்தது, கட்டாய ராணுவப் பயிற்சியைக் கைவிடாமல் வைத்திருந்தது, மேற்கோடு வர்த்தகத்தைப் படிப்படியாகக் கூட்டியது. 2023 ஏப்ரல் 4-ல் நேட்டோவில் சேர்ந்தபோது அது பாரமாக இல்லாமல் பலமாகவே போய்ச் சேர்ந்தது.

உக்ரைனும் பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் 30-ல் கனிம ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்காவுக்கு இந்தப் போரின் முடிவில் ஒரு வணிக ஆர்வம் உண்டானது. ஜூலையில், அமெரிக்க ஆயுதங்களை ஐரோப்பிய நாடுகள் விலைக்கு வாங்கி உக்ரைனுக்குக் கொடுக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. 'இலவசமாக எவ்வளவு காலம் கொடுப்பது' என்ற டிரம்ப்பின் புகாருக்கு அடித்தளமே போனது. சொந்தமாக ட்ரோன் செய்யும் ஆலைகள் பெருகின. கையில் சீட்டு இல்லை என்று கேட்ட ஆள், ஆறு மாதத்தில் சில சீட்டுகளைச் செய்துகொண்டு வந்தார். சூட்டைப் பார்த்துச் சிரித்த கேமராக்களுக்கு அது தெரியவில்லை.

மாறாக, சலுகை கிடைத்த நாளே கவலை தீர்ந்தது என்று நினைத்தவர்கள் மறுபடி அதே வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அபேவின் நினைவை வைத்தே 2025 அக்டோபரில் ஜப்பானின் புதிய பிரதமர் தகாய்ச்சி, அபே பயன்படுத்திய கோல்ஃப் மட்டை ஒன்றை டிரம்ப்புக்குப் பரிசளித்தார். ஒன்பது ஆண்டுகளில் பரிசு மாறவில்லை. அமெரிக்காவைப் பாதுகாப்புக்கும் சந்தைக்கும் ஒருசேர நம்பியிருக்கும் நிலையும் மாறவில்லை.

ஆகவே அடுத்த முறை ஒரு சின்ன நாட்டின் தலைவர் அந்த நாற்காலியில் உட்காரும்போது, அவர் குனிந்தாரா நிமிர்ந்தாரா என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, உபயோகமான கேள்விகள் மூன்று உண்டு. அவர் உள்ளே போகும்போது எதிராளிக்குத் தேவைப்படும் ஏதாவது ஒன்று கையில் இருந்ததா? பக்கத்தில் நிற்க இன்னும் நான்கு நாடுகள் இருந்தனவா? வெளியே வந்தபின், கிடைத்த அவகாசத்தில் வேறு சந்தையையோ சொந்த ஆலையையோ தேடினாரா, அல்லது அடுத்த பரிசைத் தேடினாரா? முதல் இரண்டுக்குப் பதில் அன்றைக்கே தெரிந்துவிடும். மூன்றாவதற்குத் தலைவர்கள் பதில் சொல்லத் தேவையில்லை. அடுத்த சந்திப்பில் அவர்கள் எவ்வளவு பதற்றத்தோடு வருகிறார்கள் என்பதே சொல்லிவிடும்.